‘ஆட்டோபான்’ பல்லவி கடன் வாங்கியதா? தொடக்ககால ஜெர்மானிய மின்னிசை குறித்து

சுருள்நாடா

இந்த மன்றத்தின் வேறொரு திரியில் கடற்காற்று என்ற நண்பர், தொடக்ககால ஜெர்மானிய மின்னிசைக்குத் தனி முகம் என்று எதுவும் கிடையாது, அமெரிக்கப் பாப் இசையை இயந்திரங்களில் வாசித்துக் காட்டியதுதான் அது என்று எழுதியிருக்கிறார். அதற்கு அவர் தரும் சான்று ஒன்றே ஒன்று. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1974 நவம்பரில் வெளியிட்ட ‘ஆட்டோபான்’ (விரைவுச்சாலை) பாடலின் பல்லவியில் மூன்று முறை வரும் ‘ஃபார்ன்’ என்ற சொல், கலிஃபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழுவின் 1964ஆம் ஆண்டுப் பாடலான ‘ஃபன், ஃபன், ஃபன்’ என்பதன் எதிரொலியாம். இரண்டு நாளாக இதை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த இசையின் வேர் கலிஃபோர்னியாவில் இல்லை. 1930இல் பெர்லினில் ஃப்ரீட்ரிக் டிராட்வைன் டிராட்டோனியம் என்ற மின்னிசைக் கருவியை உருவாக்கினார். இசையமைப்பாளர் பால் ஹிண்டமித் அதற்கென்றே இசை எழுதினார். ஆஸ்கர் சாலா தம் வாழ்நாள் முழுவதையும் அந்தக் கருவியோடு கழித்தார். 1935இல் ஏஇஜி நிறுவனம் காந்த நாடாவில் ஒலியைப் பதியும் மேக்னெட்டோஃபோனைப் பெர்லினில் மக்கள் முன் வைத்தது. 1951இல் கொலோன் வானொலியில் ஹெர்பெர்ட் ஐமெர்ட்டும் அவருடைய தோழர்களும் மின்னிசைக்கென்று ஒரு கூடம் அமைத்தார்கள். அங்கே 1954இல் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் ‘ஸ்டுடி 2’ என்ற படைப்பை இயற்றியபோது, நாம் அறிந்த பன்னிரண்டு சுரங்களையே ஒதுக்கிவிட்டு, ஐந்தின் 25ஆம் மூலத்தை இடைவெளியாகக் கொண்டு 81 சுருதிகளைப் புதிதாக வகுத்துக்கொண்டார். கொலோனுக்கும் கிராஃப்ட்வெர்க்கின் டுசெல்டார்ஃபுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். அந்த 40 கிலோமீட்டரைப் பார்க்காமல், கடல் கடந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை போய் வேர் தேடுவது எதற்காக?

கடற்காற்று

ஐயா, பெயர்களை அடுக்கியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஸ்டாக்ஹவுசனின் 81 சுருதிகளில் ஒன்றாவது ‘ஆட்டோபான்’ பாடலில் ஒலிக்கிறதா? இல்லை. அதில் ஒலிப்பது எளிய பெருஞ்சுரக் கோவை, இளைஞர்கள் சேர்ந்து பாடும் இனிய குரல், கார், சாலை, வெயில், வண்டியில் வானொலியைத் திருகுவது ஆகியவைதான். இவையெல்லாம் பீச் பாய்ஸ் பத்தாண்டுகளுக்கு முன்பே பாடி முடித்த பொருள்கள். பீச் பாய்ஸ் மீது தமக்குள்ள மதிப்பைக் கிராஃப்ட்வெர்க்கின் ரால்ஃப் ஹூட்டர் எங்கும் மறைத்ததில்லை. பாடலில் கேட்கும் மினிமூக் என்ற சின்தசைசர் கருவியும் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கின் நிறுவனம் செய்ததுதான். அமெரிக்க வானொலிகள் அந்தப் பாடலைச் சுருக்கி ஒலிபரப்பி, 1975இல் அதை அங்குள்ள பாடல் தரவரிசையில் 25ஆம் இடம் வரை கொண்டுபோனதற்குக் காரணம், தங்கள் வீட்டுக் குரல் அதில் கேட்டதுதான். பல்லவி அங்கிருந்து வந்தது. அதை மறுத்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

றைன்கரையான்

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடரைன் வெஸ்ட்ஃபாலியாவில் வாழ்கிறேன். ஜேர்மன் மொழியில் ‘ஃபாரன்’ என்றால் வண்டியில் போவது. பேச்சில் இறுதி அசை தேய்ந்து ‘ஃபார்ன்’ ஆகிவிடும். பேருந்து ஓட்டுநர் முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லோரும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் வரும் ஆகாரம் நெடில். ஆங்கிலச் சொல்லில் இருப்பது குறில். நெடிலையும் குறிலையும் ஒன்றென்று சொல்லத் தமிழருக்கு மனம் வருவது எனக்குப் பெரிய வியப்பாக இருக்கிறது. அந்த இசைத்தட்டில் தாளம் வாசித்த வொல்ஃப்காங் ஃப்ளூயரே பீச் பாய்ஸுக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டார்.

கடற்காற்று

வாசித்தவர் மறுத்துவிட்டார் என்பது சான்று ஆகாது. பல்லவியை எழுதியவர்கள் ஹூட்டர், ஃப்ளோரியன் ஷ்னைடர், எமில் ஷுல்ட் ஆகிய மூவர். அந்த மூவரில் ஃப்ளூயர் இல்லை. மேலும் ‘ஜேர்மன்’ என்று எழுதும் ஒருவர் எனக்கு நெடில் குறில் கற்பிப்பதை நான் ஏற்க மாட்டேன். ‘ஜெர்மன்’ என்பதே சரி.

றைன்கரையான்

ஈழத்துப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக ‘ஜேர்மன்’ என்றுதான் எழுதி வருகின்றன. உங்கள் ஊர் வழக்கு உங்களுக்கு, எங்கள் ஊர் வழக்கு எங்களுக்கு. நான் அன்றாடம் கடையிலும் வேலையிடத்திலும் பேசும் மொழியின் ஒரு சொல்லைப் பற்றி, அந்த மொழியை இசைத்தட்டில் மட்டுமே கேட்டவர் எனக்குத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆகாரம் நெடில்தான்.

சுருள்நாடா

றைன்கரையான் சொன்னதே போதும் என்றாலும், இசையை வைத்தே பேசுகிறேன். ‘ஆட்டோபான்’ மூன்று நிமிடப் பாப் பாட்டு அல்ல. தட்டின் முதல் பக்கம் முழுவதையும், 22 நிமிடங்களுக்கும் மேலாக, அந்த ஒரு பாடலே நிறைக்கிறது. வண்டிக் கதவு அறையப்படும் ஓசையிலும் பொறி உறுமும் ஓசையிலும் அது தொடங்குகிறது. பல்லவி எப்போதாவதுதான் வந்து போகிறது. மற்ற நேரமெல்லாம் சாலைதான் ஓடுகிறது, எதிர்ப்படும் வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு கடக்கின்றன. ஒரு சாலையை, அதன் நீளத்தோடும் அலுப்போடும், ஒலியாலேயே கட்டி எழுப்பும் எண்ணம் கொலோன் கூடத்தில் பிறந்த எண்ணம். கேன் என்ற ஜெர்மானிய ராக் குழுவின் ஹோல்கர் சுகாய், இர்மின் ஷ்மிட் இருவரும் ஸ்டாக்ஹவுசனிடமே பாடம் கேட்டவர்கள். இந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குவது இசை கேட்பவர் செய்யும் வேலை அல்ல.

தம்புரா

இருவருமே குறுகிய வட்டத்துக்குள் நின்று வாதாடுகிறீர்கள். கதவு அறையும் ஓசையையும் பொறியின் ஓசையையும் நாடாவில் வைத்து இசையாக்குவது கொலோன் மரபே அல்ல; அது பாரிஸ் மரபு. பியேர் ஷெஃபர் 1948லேயே இரயில் ஓசைகளைக் கொண்டு இசை செய்துவிட்டார். ஸ்டாக்ஹவுசன் 1952இல் அவருடைய கூடத்துக்குப் போய் வேலை பார்த்தவர். கொலோன் கூடத்துக்கு அடித்தளம் இட்ட வெர்னர் மேயர்-எப்ளருக்கு, பேச்சொலியைப் பகுத்து மீண்டும் உருவாக்கும் வோகோடர் கருவியை அறிமுகம் செய்தவர், 1948இல் பான் நகருக்கு வந்த அமெரிக்கப் பொறியாளர் ஹோமர் டட்லி. ஆகவே ‘தூய ஜெர்மானிய வேர்’ என்று ஒன்று முதல் நாளிலிருந்தே கிடையாது.

நம் பக்கத்தையும் யாரும் பேசவில்லை. கிராஃப்ட்வெர்க்கில் 1971இல் சில மாதம் வாசித்துவிட்டு ‘நோய்’ (Neu!) என்ற குழுவைத் தொடங்கிய மிக்கேல் ரோதர், சிறுவயதில் கராச்சியில் வாழ்ந்தவர். முடிவே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும் அந்தப் பகுதியின் இசை தம் காதில் தங்கிவிட்டதை அவரே சொல்லியிருக்கிறார். போபோல் வூ என்ற ஜெர்மானியக் குழுவின் 1972ஆம் ஆண்டு ‘ஹோசியானா மந்திரா’வில் தம்புராவே ஒலிக்கிறது. பெர்லின் குழுக்கள் பாடம் கேட்ட அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான்நாத்தின் சீடர்.

சுருள்நாடா

எந்தத் திரியிலும் கடைசியில் இந்தியாவைக் கொண்டுவந்து நிறுத்துவது உங்கள் வழக்கம். ரைலி பிரான்நாத்திடம் சேர்ந்தது 1970இல். பெர்லினில் எல்லோரும் கேட்டு மயங்கிய அவருடைய ‘எ ரெயின்போ இன் கர்வ்ட் ஏர்’ தட்டு வெளிவந்தது 1969இல். சீடராவதற்கு முன்பே குருவின் பாதிப்பு வந்துவிடுமா? சென்ற ஆண்டும் பெர்லின் மின்னிசைக் கலைஞர் கிளவுஸ் ஷுல்ட்ஸேயின் ‘இர்லிக்ட்’ தட்டில் சின்தசைசர் மிக அழகாக ஒலிக்கிறது என்று எழுதினீர்கள். 1972இல் வந்த அந்தத் தட்டில் சின்தசைசரே கிடையாது, பழுதுபட்ட ஒலிபெருக்கியையும் ஆர்கனையும் நாடாவில் பதிந்த வாத்தியக் குழுவையும் வைத்து அவர் செய்தது அது என்று நான் விளக்கியபோது, ஒரு வரிகூடப் பதில் எழுதாமல் போய்விட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

தம்புரா

‘இர்லிக்ட்’ பற்றி நான் எழுதியது ஒலியின் தன்மையைப் பற்றி. கருவிப் பட்டியலைப் பற்றி அல்ல. ரைலி 1960களின் நடுவிலேயே அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்டே யங்கோடு சேர்ந்து இசைத்தவர். யங் 1950களிலேயே அலி அக்பர் கானின் இசைத்தட்டில் தம்புராவின் நீண்ட ஆதார சுருதியைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர். ஆகவே குரு வருவதற்கு முன்பே சுருதி வந்துவிட்டது. ஆண்டுக் கணக்கைக் காட்டி என்னை மடக்க முடியாது.

கடற்காற்று

கராச்சிக்கும் பாரிஸுக்கும் போய் வந்துவிட்டீர்கள். பல்லவி கேள்வி கேட்ட இடத்திலேயே நிற்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். 1982இல் நியூயார்க்கில் ஹிப்ஹாப் கலைஞர் ஆஃப்ரிக்கா பம்பாட்டா ‘பிளானெட் ராக்’ பாடலுக்கு கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டை எடுத்துக்கொண்டதைச் சுருள்நாடா இந்த மன்றத்தில் எத்தனையோ முறை பெருமையோடு எழுதியிருக்கிறார். ஜெர்மானியரிடமிருந்து அமெரிக்கர் எடுத்தால் பெருமை, அமெரிக்கரிடமிருந்து ஜெர்மானியர் எடுத்தார்கள் என்று நான் சொன்னால் அவமதிப்பா? எடுத்தார்கள் என்று ஒப்புக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

சுருள்நாடா

என்ன குறையும் என்று சொல்கிறேன். ஹூட்டர் பிறந்தது 1946இல், ஷ்னைடர் 1947இல். அவர்கள் வளர்ந்த ஊர்களில் கட்டடங்கள் இடிந்து கிடந்தன. முந்தைய தலைமுறையின் பண்பாட்டை நாஜிகள் கறைப்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வானொலியைத் திருகினால் ஒருபுறம் சர்க்கரைப்பாகு போன்ற ஷ்லாகர் என்ற ஜனரஞ்சகப் பாட்டு, மறுபுறம் ஆங்கிலேய, அமெரிக்கப் படைகளின் ஒலிபரப்பு. நாட்டின் இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே பாடின. அந்தச் சூழலில் இவர்கள் தங்கள் குழுவுக்கு ‘மின் நிலையம்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைப் பெயராகச் சூட்டி, நாஜிகள் தங்கள் சாதனையாகப் பறைசாற்றியதால் அந்நாட்டின் வரலாற்றில் மிகவும் சங்கடமான சொற்களில் ஒன்றான ‘ஆட்டோபான்’ என்பதை எடுத்து, தங்கள் மொழியிலேயே பாடி, அந்தப் பெயர் கொண்ட இசைத்தட்டை அமெரிக்க இசைத்தட்டுத் தரவரிசையில் 5ஆம் இடம் வரை கொண்டுபோனார்கள். 1978ஆம் ஆண்டுத் தட்டின் உறைக்குக்கூட, நாஜிகள் பழித்து ஒதுக்கிய நவீனக் கலையின் பக்கம் திரும்பி, ரஷ்யக் கலைஞர் எல் லிசிட்ஸ்கியின் வடிவங்களைத்தான் தேடிப் போனார்கள். அறுந்துபோன இழையைத் தேடிப் பிடித்து முடிபோட்டவர்கள் அவர்கள். அதே காலத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஜெர்மானியரைப் பழிக்கும் ‘கிரவுட்’ என்ற போர்க்காலத்து வசைச்சொல்லை எடுத்து இந்த இசைக்கு ‘கிரவுட்ராக்’ என்று பெயரிட்டன. ஹாம்பர்க்கின் ஃபௌஸ்ட் குழு 1973இல் அந்தச் சொல்லையே தங்கள் பாடலுக்குத் தலைப்பாக வைத்துத் திருப்பி அடித்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேடிக்கொண்ட முகத்தை, கேட்டால் ஒன்றுபோல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அயலான் முகம் என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பாதிப்பே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அந்தப் பல்லவியில் இல்லை என்கிறேன்.

தம்புரா

‘பாதிப்பே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்’ என்பவர், முதல் பதிவில் வேர் கலிஃபோர்னியாவில் இல்லை என்று தொடங்கியவர். படிப்பவர்கள் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

சுருள்நாடா

வேர் வேறு, பாதிப்பு வேறு. இதைக்கூட விளக்க வேண்டியிருப்பது வருத்தம் தருகிறது. ரோதரின் கராச்சியைப் பற்றித் தனித் திரி தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன். இங்கே பேச்சு பல்லவியைப் பற்றியது.

றைன்கரையான்

நேற்றிரவு வேலை முடிந்து கொலோனிலிருந்து வீட்டுக்கு வரும்போது அந்தத் தட்டை வண்டியில் மறுபடியும் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஆகாரம் நெடிலாகவே வருகிறது. வேண்டுமானால் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

கடற்காற்று

நானும் கேட்டேன். நெடிலாகவே இருக்கட்டும். போவதைச் சொல்ல ஒருமுறை சொன்னால் போதுமே. சரியாக மூன்று முறை ஏன் வருகிறது?

றைன்கரையான்

சாலை நீளமானது என்பதால் வருகிறது.

கடற்காற்று

அப்படியானால் நான்கு முறை வந்திருக்க வேண்டும்.