வானத்துப் படத்தில் 'என்னமோ' தெரிந்த கதை: உங்களுக்கும் நடந்ததா?

சிப்புட்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பெரியம்மா மகன் கைப்பேசியில் எடுத்த படம்தான் விஷயமே. கோபுரம், மேலே முழு நிலா, கீழே ஓரமாகப் பச்சை நிறத்தில் இன்னொரு குட்டி உருண்டை. குடும்ப வாட்சாப் குழுவில் போட்டதும் ஆத்தாளே வந்துவிட்டாள் என்று பாதிப் பேர், பறக்கும் தட்டு என்று மீதிப் பேர். நான் படத்தின் சரி நடுவில் ஒரு புள்ளி வைத்து, நிலாவிலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராகப் பச்சை உருண்டையில் போய் நின்றது. பளிச்சென்ற வெளிச்சம் லென்ஸுக்குள்ளேயே எதிரொளித்து எதிர்ப்பக்கம் விழுகிற பிம்பம் அது. கைப்பேசியை லேசாக அசைத்துப் பாருங்கள், நிலா திரையில் இடது பக்கம் போனால் உருண்டை வலது பக்கம் ஓடும். ஆனால் ஓரத்தை வெட்டிய படமாக இருந்தால் இந்தக் கோடு வேலைக்கு ஆகாது, நடுப்புள்ளியே மாறிப் போயிருக்கும். அதனால் வெட்டாத படத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியம்மா கேட்டார்: "ஏன்டா, ஆத்தா லென்ஸுக்குள்ள வரமாட்டாளா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய ரப்பர் தோட்டம்:
என் அப்பாவுக்கு இன்றைக்கும் செவ்வாய்க் கிரகத்து முகம்தான். 1976 ஜூலை 25 அன்று நாசாவின் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த படம், சைடோனியா என்கிற இடம். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள மேட்டின் மேல் வெயில் தாழ்வாகச் சாய்ந்து விழுந்ததில் நிழலே கண்ணாகவும் வாயாகவும் ஆகிவிட்டது. அப்பா ரொம்ப நம்புவது மூக்குத் துவாரத்தை. அந்தப் படத்தில் அங்கங்கே கரும்புள்ளிகள் இருக்கும், தரவு பூமிக்கு வரும்போது கெட்டுப்போன இடங்கள் அவை, அதில் ஒன்று சரியாக மூக்கில் போய் உட்கார்ந்துவிட்டது! 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் இன்னும் தெளிவாக எடுத்தபோது வெறும் மேடுதான். அப்பாவிடம் காட்டினேன். "அதுக்குள்ள இடிச்சிட்டானுங்க" என்றார்.

அப்புறம் 2022 மே மாதம் செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த 'வாசல்' படம், அதையும் அவர்தான் அனுப்பினார். பாறை வெடிப்பு அது, உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், எங்கள் வீட்டுக் கோழி வேண்டுமானால் தலையைக் குனிந்து நுழையலாம். படத்தில் பக்கத்தில் ஆளோ மரமோ இல்லாததால் மனது தானாகவே ஆள் உயரத்தை வைத்துவிடுகிறது. எந்தப் படம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எத்தனை மீட்டர் என்றுதான்.

டவுன் டீச்சர்:
அளவு என்றதும் எனக்கு யூத்து 2 ஞாபகம். 2021 நவம்பரில் நிலாவின் மறுபக்கத்தில் சீன ஊர்தி தொடுவானத்தில் சதுரமாக எதையோ பார்த்தது. 'மர்மக் குடிசை' என்று உலகமே பேசியது. தூரம் 80 மீட்டர்தான், ஆனால் ஊர்தி நிலாப் பகலில் மட்டும் மெல்ல நகர்வதால் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பார்த்தால் சின்னக் கல், அதுவும் முயல் மாதிரி. டவுன் உரக்கடைத் தவுக்கேயிடம் (சீன முதலாளி) சொன்னேன், அவருக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் கதையில் நிலாவில் இருப்பது முயல், அந்த ஊர்திக்கே 'ஜேட் (பச்சைக்கல்) முயல்' என்று பொருள்படும் பெயர்தான். வடை சுடும் பாட்டியை நான் சொன்னபோது மட்டும் நம்பாமல் சிரித்தார்.

சிப்புட்காரன்:
டீச்சர், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்கிற வாயு, தூசி மேகப் படத்தில் மூலையில் கறுப்பாகப் படிக்கட்டு மாதிரி இருக்கிறதே, நாசா எதையோ மறைத்துவிட்டது என்று ஒட்டுக்கடையில் பெரிய சண்டை.

டவுன் டீச்சர்:
அந்தக் கேமராவில் நாலு சென்சார். அதில் ஒன்று சின்னப் பரப்பை நுணுக்கமாகப் பார்ப்பது. மற்ற மூன்றோடு அளவு சேர்க்க அதைச் சுருக்கினால் மிச்ச இடம் காலியாக நிற்கும், அதுதான் படி. 2014-இல் ஹப்பிளிலேயே வேறு கேமராவால் மறுபடி எடுத்தார்கள், படி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.