ஒன்றரை அடிச் சுவர் வீடு, ஆன்லைன் பாட்டு வகுப்பு: வைஃபை 2.4-ஆ, 5-ஆ?

காவேரிக்கரை:
வணக்கம். கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. ரேழி, முற்றம், கூடம், பின்னால் இரண்டாம் கட்டு. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் இழுக்க வந்தவர் ரேழியில் மீட்டர் பலகைக்குப் பக்கத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டாம் கட்டு அறையில் உட்கார்ந்து, சாயங்காலம் 6.30 முதல் 8 வரை பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறேன்.

நெட்டில் சேர்ந்து பாட முடியாது, தெரியும். நான் பாடி நிறுத்தியதும் அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். இப்போது அதுவும் முடியவில்லை. நேற்று ஒரு குழந்தை சரளி வரிசை பாடுகிறாள். "ஸ ரி" கேட்டது, "க ம" காணோம், அடுத்து "ப த நி". சரியாகப் பாடினாளா, தப்பினாளா என்றே தெரியாமல் "ம்ம், இன்னொரு தடவை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மனசு கேட்கவில்லை.

100 எம்பிபிஎஸ் பிளான். ரவுட்டர் வைஃபையை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்டில் (அலைவரிசையில்) தருகிறது. ரேழியில் 5-ல் 94 வருகிறது. என் அறையில் 5-ல் 7தான், சிக்னல் மைனஸ் 82 (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது), அடிக்கடி விட்டுப்போகிறது. 2.4-ல் 24, சிக்னல் மைனஸ் 66. காலையில் 2.4 நன்றாகத்தான் இருக்கிறது, சாயங்காலம் திக்குகிறது. எதை வைத்துக்கொள்வது?

ஈயப்பற்று:
டீச்சர், காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் மட்டும் திக்கினால் அது சுவரால் இல்லை, நெரிசலால். அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே 2.4-ல்தான் பேசுகின்றன. அந்த பேண்டைச் சேனல் என்று சிறு தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கும் சேனல் 1, 6, 11 மட்டும்தான். வைஃபை அனலைசர் ஆப்பை 6.30 மணிக்குத் திறந்து பாருங்கள், காலையில் பார்த்துப் பயனில்லை. காலியாக இருக்கும் சேனலில் நிறுத்தி, ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றும் 'ஆட்டோ' அமைப்பை எடுத்துவிடுங்கள். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் பாதிக்கு மேல் இடத்தை நீங்களே அடைத்து, எல்லோரோடும் மோதுவீர்கள். வீடியோ வகுப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் தாராளம், விடாமல் வருவதுதான் முக்கியம். புளூடூத் இயர்போனா போடுகிறீர்கள்? அதுவும் 2.4-தான். வயர் உள்ளதைப் போடுங்கள்.

காவேரிக்கரை:
பார்த்தேன் அண்ணா. 17 பெயர் தெரிந்தது, 9 பேர் 6-ல், என்னுடையதும் அங்கேதான், அகலம் 40. 11-க்கு மாற்றி 20 வைத்தேன். நிறையவே தேவலை. இருந்தாலும் ஏழரை மணிக்கு மேல் இரண்டு மூன்று தடவை அறுந்தது.

தஞ்சை வயர்மேன்:
அம்மா, எந்த பேண்ட் என்று யோசிப்பதற்கு முன்னால் பெட்டியை இடம் மாற்றுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரில் சீக்கிரம் மாய்ந்துவிடும், ஆனால் திறந்த வெளியில் நன்றாகப் போகும். உங்கள் வீட்டு நடுவிலேயே முற்றம் இருக்கிறதே! தாழ்வாரத்துத் தூணில், மழைச்சாரல் படாத உயரத்தில் மாட்டினால், கூடத்து வாசல் வழியாக உங்கள் அறை நேராகத் தெரியுமா பாருங்கள். ஃபைபரை நீங்களே இழுக்காதீர்கள், கூர்மையாக மடங்கினால் போச்சு. நீள ஒயரோடு ஆளை வரச்சொல்லுங்கள்.

இன்னொன்று. 5-ல் சேனல் 52 முதல் 144 வரை ரேடாருக்கும் பொது. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் 5-ஐத் திறக்கும். அதற்குள் லேப்டாப் 2.4-ல் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். 36 அல்லது 149 வையுங்கள். இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள்.

காவேரிக்கரை:
நேற்று மாட்டியாயிற்று. தூணிலிருந்து பார்த்தால் என் பாய் விரித்த இடம் அப்படியே தெரிகிறது. 5-ல் மைனஸ் 60, வேகம் 86. கதவைச் சாத்தினாலும் மைனஸ் 64-தான். 2.4 அம்மாவின் பழைய போனுக்கு இருக்கட்டும்.

ஒன்றரை மணி நேரமும் ஒரு தடவைகூட அறுபடவில்லை. அந்தக் குழந்தை பாடினாள், "க ம" முழுசாகக் கேட்டது. அவள் காந்தாரம் (அந்த "க") ஒரு இழை கீழே நிற்கிறது. இத்தனை நாள் அது எனக்குத் தெரியவே இல்லை. அதை மட்டும் பத்துத் தடவை பாடவைத்தேன். இரண்டு பேருக்கும் நன்றி.