சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்த பெண்கள் உங்கள் வீட்டில் உண்டா?

வணக்கம். 1990-இல் திருவையாறு பக்கம் நடக்கிற ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா கடனில், அண்ணன்கள் பாகப்பிரிவினைச் சண்டையில், அம்மா படுக்கையில். பத்தாயத்து நெல்லை மரக்காலில் அளந்து ஆள்களுக்குக் கூலி கொடுத்து, மேட்டூர் திறந்தாச்சா என்று விசாரித்து, குறுவைக்கு நாற்றங்கால் வரை பார்ப்பவள் கல்யாணமாகாத நடுப் பெண்தான், ஆனால் எந்தப் பேச்சிலும் அவள் பெயர் வராது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டப்படி பரம்பரை நிலத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டு. பெரிய அண்ணன் விடுதலைப் பத்திரத்தை அடுப்படிக்கே கொண்டுவந்து நீட்டுகிறான், அவள் ஈரக்கையை முந்தானையில் துடைக்கிறாள். அங்கேயே நின்றுவிட்டேன். அவளைச் சும்மா அழவைக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் அத்தை, சித்தி யாராவது அப்போது மறுத்திருக்கிறார்களா? வீட்டில் என்ன வார்த்தை வந்தது, அப்புறம் பொங்கல் சீர் நின்றுபோனதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.