பி0420 கோட் அழிச்சாலும் திரும்ப வருது, புகை டெஸ்ட்டும் பாஸ் ஆகல

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்ததுல இருந்து செக் என்ஜின் லைட் எரியுது. வண்டி 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், பிஎஸ் 4, ஓடினது 92,000 கி.மீ. வீடு தண்டையார்பேட்டை. ஸ்கேனர்ல வர்றது பி0420 மட்டும்தான், அதாவது புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு. பிக்கப்ல குறை இல்லை. சிக்னல்ல நிக்கும்போது லேசா அழுகின முட்டை வாடை.

"கோடை அழிச்சிட்டு உடனே புகை டெஸ்ட்டுக்குக் கொண்டு போங்க, பாஸ் ஆயிடும்"னு மெக்கானிக் சொன்னார். கொண்டு போனேன். அங்க சைலன்சர்ல குழாயை விட்டு வாயுவைத்தான் அளக்குறாங்க. டேஷ்போர்டுல லைட் எரியுதா இல்லையான்னு அந்த மெஷினுக்கு என்ன தெரியும்? ஐடில்ல சிஓ (கார்பன் மோனாக்சைடு) 0.3% தாண்டக்கூடாது, எனக்கு 0.6.

பிளக், ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு. த்ராட்டில் பாடி கிளீன் பண்ணியாச்சு. மேனிஃபோல்டு பக்கம் சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தோம், லீக் இல்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ற வரைக்கும் லைட் வராது. மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்ல ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் போனா மறுபடி எரியுது. ஸ்கேனர் லைவ் டேட்டாவுல, கன்வர்ட்டருக்குப் பின்னாடி இருக்கற பின் ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.8க்கும் நடுவுல, முன் சென்சார் மாதிரியே ஆடுது.

கன்வர்ட்டரைக் குடைஞ்சு காலி பண்ணுன்னு ஒருத்தர் சொல்றார். அந்த யோசனை மட்டும் வேண்டாம், அப்புறம் எந்த ஜென்மத்துலயும் பாஸ் ஆகாது.

சர்டிஃபிகேட் இந்த மாசம் முடியுது. இந்த ரீடிங்குக்கு பின் சென்சாரை முதல்ல மாத்திப் பார்க்கலாமா, இல்ல நேரா கன்வர்ட்டருக்கே செலவு பண்ணணுமா?