கடலோர மணலில் எந்த மாவினம் சவரைத் தாங்கும்?

கேள்வி (தம்பிலுவில்)

வணக்கம். எங்கள் வளவு கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் அதன் தாழ்ந்த பக்கத்தில் வெள்ளம் தேங்கும். ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் சவர்க்கும். கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மா ஒன்று இவ்வளவையும் தாங்கிக் காய்க்கிறது. அதே வரிசையில் நட்ட ஒட்டுக் கறுத்தக்கொழும்பானோ கோடை வந்தாலே இலை கருகி நிற்கிறது. யாழ்ப்பாணத்து வரட்சியைத் தாங்கும் இனம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குப் பதிலாக விலாட் அல்லது அம்பலவி வைத்தால் நிலைக்குமா? அல்லது மாவைக் கைவிட்டு, தோடை, பலா, சப்போட்டா என்று போவதுதான் நல்லதா?

பதில் 1 (ஏறாவூர்)

தம்பி, வரட்சியைத் தாங்கும் இனம் சவரையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வேறு வேறு குணங்கள். முதலில் கருகல் எதனால் வந்தது என்பதைப் பாருங்கள். நீர் போதாத மரத்தில் நண்பகலில் இலை முழுவதும் தொய்ந்து, பொழுது சாயும்போது நிமிரும். சவர் ஏறிய மரத்தில் முற்றிய இலையின் நுனி முதலில் பழுப்பாகி, அந்தப் பழுப்பு ஓரம் வழியாகக் காம்பை நோக்கி இறங்கும். பச்சைக்கும் பழுப்புக்கும் இடையிலான கோடு தெளிவாகத் தெரியும். புதுத் துளிர் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் அது வாடைக்காற்று கொண்டு வந்த உப்புத்தூவல். தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் எல்லாப் பக்கமும் கருகினால் கிணற்று நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கன்று வாங்கும்போது நாம் கேட்பதெல்லாம் மேலே ஒட்டிய இனத்தின் பெயரைத்தான். ஆனால் மண்ணிலுள்ள உப்பை உள்ளே விடுவதும் தடுப்பதும் பெருமளவு அடியிலுள்ள ஒட்டுக்கட்டையின், அதாவது ஒட்டுக்கு வேரைத் தரும் அடிக்கன்றின், வேலை. அந்தக் கட்டை எந்தக் கொட்டையில் முளைத்தது என்பதைக் கேட்காமல், விலாட்டா அம்பலவியா என்று தீர்மானிப்பதில் பெரிய பயன் இல்லை.

பதில் 2 (வந்தாறுமூலை)

மேலுள்ள கருத்துடன் முழுமையாக உடன்படுகிறேன். இஸ்ரேலில் உவர் நீருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் ஏற்றதெனத் தெரிவு செய்யப்பட்ட 13-1 என்னும் மா ஒட்டுக்கட்டையும், கனேரித் தீவுகளில் பயன்படும் கொமேரா-1 என்பதும் இதற்கு நல்ல உதாரணங்கள். இவை பல்முளைய வித்துகளைத் தருபவை; அதாவது ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் வரும், அவற்றுள் பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சாகவே இருக்கும். இந்த இரண்டையும் தேடி அலைவதைவிட, உங்கள் நாட்டு மாவின் கொட்டைகளை முளைக்க வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு கொட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட முளை வந்தால், அந்த மரத்தின் தாங்குதிறன் கன்றுகளுக்கும் வருமென்று ஓரளவு நம்பலாம். அவற்றிலேயே கறுத்தக்கொழும்பானை ஒட்டிக்கொள்ளலாம்.

தோடை இனங்களில் இந்த வேறுபாடு இன்னும் வியப்பானது. உப்பில் சோடியம், குளோரைட்டு என இரண்டு கூறுகள் உண்டு. கிளியோபாட்ரா மந்தரின் ஒட்டுக்கட்டை குளோரைட்டு இலைக்கு ஏறாமல் தடுப்பதில் பெயர் பெற்றது. மூவிலைத் தோடை என்னும் இன்னொரு கட்டையோ சோடியத்தை ஓரளவு தடுத்தாலும் குளோரைட்டை மேலே விட்டுவிடும். ஆகவே உப்பைத் தாங்கும் என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே இரண்டு தனித்தனிக் குணங்கள் இருக்கின்றன. பிபிலைத் தோடையை விரும்பி வாங்கினாலும், அது எதில் ஒட்டப்பட்டது என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வியாளர்

மிக்க நன்றி. எங்கள் மரத்தில் கருகல் எல்லாப் பக்கமும், முற்றிய இலைகளில்தான் இருக்கிறது. தாழ்ந்த பக்கத்துக்கு எது பொருந்தும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 3 (படுவான்கரை)

வெள்ளம் நிற்கும் இடத்தில் பலாவையும் பப்பாசியையும் வைக்கவே வேண்டாம். பப்பாசி இரண்டு நாள் தேங்கிய நீரிலேயே போய்விடும். பலாவின் வேரும் மூச்சுத் திணறலைத் தாங்காது. மா சற்று வலியது. நீர் நிற்கும்போது அடிமரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வெண்மையான சொரசொரப்பான புடைப்புகள் தோன்றுகின்றனவா என்று பாருங்கள். அவற்றின் வழியாகத்தான் மரம் காற்றை வாங்குகிறது. அவை தோன்றும் மரங்களே பெரும்பாலும் பிழைக்கின்றன. தாழ்ந்த பக்கத்துக்கு நான் கொய்யாவைச் சொல்வேன். சவரைப் பொறுத்தவரை சப்போட்டா மாவைவிட மிக உறுதியானது. கடலோர வளவுக்கு அதைவிடப் பொருத்தமான பழமரம் எனக்குத் தோன்றவில்லை.

சவரும் வெள்ளமும் ஒன்றாக வரும் நிலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றில்லாத வேரால் உப்பைத் தடுத்து நிறுத்த முடியாது. வரட்சியில் சவரைத் தாங்கிய கட்டைகூடச் சவர்வெள்ளத்தில் தோற்றுவிடும். எந்த இனமானாலும் மண்ணை மேடாக்கி அதன் மேல் நடுங்கள். கோடையில் சவர்க் கிணற்று நீரை நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு வேரடியில் படிந்துவிடும். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறைய ஊற்றி, மேலே வைக்கோல் பரப்பி வையுங்கள். இலையில் மட்டும் அந்த நீர் படவே கூடாது.