‘யூனிவர்சிட்டி’க்கு முன் ‘ஆன்’ ஏன் வருவதில்லை?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்த நான், போட்டித் தேர்வுக்காக ஆங்கில இலக்கணத்தை அடிப்படையிலிருந்து மீண்டும் பயின்று வருகிறேன். ஏ, இ, ஐ, ஓ, யு என்னும் ஐந்து எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஆன்’, மற்றவற்றுக்கு முன் ‘ஏ’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் நேற்று எழுதிய மாதிரித் தேர்வில் ‘யூனிவர்சிட்டி’க்கு ‘ஏ’ என்றும், எச் எழுத்தில் தொடங்கி மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லுக்கு ‘ஆன்’ என்றும், ‘எம்.எல்.ஏ.’வுக்கும் ‘ஆன்’ என்றும் விடை தந்திருந்தார்கள். மூன்றிலும் எனக்கு மதிப்பெண் போயிற்று. இவற்றை விதிவிலக்குகளாகத் தனித்தனியே மனத்தில் இருத்தத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டியதில்லை, இவை விதிவிலக்குகளே அல்ல. தங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விதிதான் அரைகுறையானது. அடுத்து வரும் சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தன்று, எந்த ஒலியில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே ‘ஏ’, ‘ஆன்’ அமைகின்றன. உயிரொலிக்கு முன் ‘ஓர் ஊர்’ என்றும், மெய்யொலிக்கு முன் ‘ஒரு மரம்’ என்றும் எழுதும் நமக்கு இது புதிதன்று. ஐயம் வரும்போது அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘யூனிவர்சிட்டி’, ‘யூனிஃபார்ம்’, ‘யூரோப்பியன்’ ஆகியவை ‘யூ’ என்னும் உயிர்மெய்யில் தொடங்குவதால் ‘ஏ’ பெறும், ‘அங்கிள்’, ‘எம்.எல்.ஏ.’, ‘எஃப்.ஐ.ஆர்.’, ‘ஐ.ஏ.எஸ். ஆஃபீசர்’ ஆகியவை உயிரில் தொடங்குவதால் ‘ஆன்’ பெறும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் ஆகிய 12 எழுத்துகளின் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன. ‘யு’ அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்ன வழி நல்ல வழிதான். நானும் மாணவர்களுக்கு அதையே சொல்கிறேன். ஆனால் அதை முழுவதும் நம்பிவிட வேண்டாம். ஆண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நாம் வாழ்த்து அட்டைகளில் ‘இயர்’ என்று எழுதுகிறோம். காதைக் குறிக்கும் சொல்லையும் அவ்வாறே எழுதுகிறோம். ஆங்கிலத்திலோ முன்னது யகர மெய்யொலியில் தொடங்குவதால் ‘ஏ’ பெறும். பின்னது ‘ஆன்’ பெறும். ‘ஹாஸ்பிடல்’ நம் வாயில் ‘ஆஸ்பத்திரி’ ஆனதும், ‘வோட்’ என்பது ‘ஓட்டு’ ஆனதும் இத்தகையவையே. இரண்டும் ஆங்கிலத்தில் ‘ஏ’ பெறுபவை. இதற்கு நேர்மாறாக, ‘எக்’ என்பதை ‘யெக்’ என்று ஒலிக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு; அந்த ஒலியை நம்பினால் முட்டைக்கும் ‘ஏ’ போட்டுவிடுவோம். எனவே அகராதியில் உள்ள ஒலிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ‘எச்.ஆர்.’ என்பதைச் சிலர் ‘ஹெச்.ஆர்.’ என்கிறார்களே, அப்போது என்ன செய்வது? எண்களுக்கும் இதே விதிதானா?

மறுமொழி 1:
அகராதிகள் முதன்மையாகத் தரும் ஒலிப்பு ‘எச்’ என்பதே. தேர்வில் ‘ஆன்’ என்று எழுதுங்கள். எண்களுக்கும் இதே விதிதான்: 8, 11, 18, 80 ஆகியவற்றுக்கு ‘ஆன்’, 1, 100 ஆகியவற்றுக்கு ‘ஏ’. இடையில் பெயரடை வந்தால் அதன் முதல் ஒலியையே பார்க்க வேண்டும். ‘அம்பிரெல்லா’வுக்கு ‘ஆன்’ வந்தாலும், ‘பிக் அம்பிரெல்லா’வுக்கு ‘ஏ’ தான்.

மறுமொழி 3:
தேர்வுக்குத் தேவைப்படாத ஒரு செய்தி. இவ்விரண்டில் மூத்தது ‘ஆன்’. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்னும் பொருளுடைய எண்ணுப்பெயரிலிருந்து அது வந்தது. பிற்காலத்தில் மெய்யொலிக்கு முன் அதன் னகரம் தேய்ந்து ‘ஏ’ ஆயிற்று. அந்த னகரம் எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்பதில் ஆங்கிலேயர்களே குழம்பியதுண்டு. கிரிக்கெட்டில் நாம் காணும் ‘அம்பயர்’, பழைய பிரெஞ்சிலிருந்து ‘நம்பயர்’ போல னகரத்தோடுதான் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ஏ நம்பயர்’ என்று சேர்த்துச் சொன்னதை ‘ஆன் அம்பயர்’ என்று பிரித்துக் கேட்டதால், முதலெழுத்தை இழந்து நின்றது அச்சொல்.