'மாக்' என்பதற்குப் 'போலி' போதுமா?

வணக்கம் நண்பர்களே,

நிரலின் சிறு பகுதியைத் தனியாகச் சோதிப்பது அலகுச் சோதனை. அதில் உண்மையான ஒன்றுக்குப் பதிலாக நிறுத்துவதை 'மாக்' (mock) என்கிறோம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: கேலி, மாதிரி, பாவனை, பதிலி. 'கேலி'யை உடனே தள்ளிவிடலாம். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டது அது. சோதனையில் யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. 'மாதிரி' ஏற்கெனவே மாடல், சாம்பிள் இரண்டையும் சுமக்கிறது. 'பாவனை' அழகான சொல்தான், ஆனால் இலங்கைத் தமிழில் அதற்குப் பயன்பாடு என்று பொருள். பாவனையாளர் என்றால் அங்கே பயனர். 'பதிலி'யை ப்ராக்சிக்கு (இடையில் நின்று அழைப்பை உண்மையானதற்குக் கடத்துவது) பலர் எழுதிவருகிறார்கள். ப்ராக்சியும் மாக்கும் ஒரே நிரலில் வரும்போது என்ன செய்வது?

சொல்லைத் தேடும் முன் வேலையைப் பார்ப்போம். பதிவு முடிந்ததும் மின்னஞ்சல் அனுப்பும் நிரல் ஒன்று இருக்கிறது. அதைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் உண்மையான மின்னஞ்சல் போகக் கூடாது. அதனால் 'அனுப்பு' என்ற மெத்தட் (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) இருக்கும் இடத்தில் வேறொன்றை நிறுத்துகிறோம். அது எதையும் அனுப்பாது. ஆனால் தன்னை அழைத்தார்களா, எத்தனை முறை, எந்த முகவரியைக் கொடுத்து என்பதையெல்லாம் சொல்லும். ஒருமுறை அழைக்க வேண்டியதை இருமுறை அழைத்திருந்தால் சோதனை தோற்கும்.

இதற்குப் பொருந்தும் சொல் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வருவதைப் 'போலி' என்று படித்தோம். ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து நிற்கிறது, சொல்லின் பொருள் மாறுவதில்லை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. போலி மருத்துவர், போலி ஆவணம் என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர்.

இலக்கணப் போலியில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. அறம் அறன் ஆகலாம். அறல் ஆனால் அது வேறு சொல். நிரலிலும் இதே சிக்கல்தான். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு மாக்கை வெறுமனே உருவாக்கினால் எந்த மெத்தட் பெயரைச் சொல்லி அழைத்தாலும் தலையாட்டும். ஒருமுறை 'அசர்ட்' என்று தொடங்கும் சரிபார்ப்பு மெத்தடின் பெயரில் கடைசிப் பகுதியை நான் தவறாக எழுதிவிட்டேன். அதையும் ஒரு மெத்தட் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. சோதனை பல மாதம் பச்சையாகவே (தேறியதாகவே) ஓடியது, உண்மையில் எதையும் சோதிக்காமல். (பைத்தான் 3.5 பதிப்பிலிருந்து அப்படித் தொடங்கும் தெரியாத பெயர்களுக்குப் பிழை காட்டுகிறது. நான் மாட்டிக்கொண்டது அதற்கு முன்பு.) அசல் வகுப்பின் (மெத்தட்களைத் தொகுத்து வைக்கும் நிரல் அச்சு) வடிவத்தைக் கொடுத்து மாக்கை உருவாக்கினால் அதில் இல்லாத மெத்தடை அழைக்க முடியாது. அதுதான் அறனுக்கும் அறலுக்கும் உள்ள வேறுபாடு.

இனி வினைச்சொல். இங்கேதான் பல கலைச்சொற்கள் படுத்துவிடுகின்றன. நிரலர்கள் 'மாக்' என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வதைவிட 'அந்த மெத்தடை மாக் பண்ணிடு' என்று சொல்வதே அதிகம். வினையாக வளையாத சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். 'போலியாக்கு' என்றால் கள்ளக் கையெழுத்து நினைவுக்கு வருகிறது. பெயரிடு, திட்டமிடு, பதிவிடு வரிசையில் 'போலியிடு' சரியாக உட்காருகிறது: மெத்தடைப் போலியிடு, போலியிட்ட அழைப்பு, போலியிடாமல் சோதி.

பேச்சில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: டூப் போடுவது. சோதனை நிரல்கள் பற்றி நூல் எழுதிய ஜெரார்ட் மெசரோஸ் இந்த வகைக்கெல்லாம் 'டெஸ்ட் டபுள்' என்று பொதுப்பெயர் வைத்ததே சண்டைக் காட்சியில் நடிகருக்குப் பதிலாகக் குதிப்பவரை வைத்துத்தான். ஆக நம் டூப்பும் அவருடைய டபுளும் ஒரே ஆள். ஆவணத்தில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் என்று ஐந்தாகப் பிரித்தார். அந்தப் பகுப்பின்படி, இடத்தை மட்டும் நிரப்புவது டம்மி. முன்பே வைத்த விடையைத் தருவது ஸ்டப். அழைப்பைக் குறித்துவைத்துப் பிறகு கேட்டால் சொல்வது ஸ்பை. இப்படித்தான் அழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அது மாக். நடைமுறையில் இந்தக் கோடு அழிந்துவிட்டது. ஜாவா மொழிக்கான மாக்கிட்டோ நூலகத்திலும் பைத்தானிலும் மாக் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பையாகவே வேலை செய்கிறது. ஆகவே பொதுவாகப் 'போலி' என்போம். பிரித்துச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில், அந்த ஐந்தின் வரிசையிலேயே வெற்றுப் போலி, விடைப் போலி, உளவுப் போலி, நிபந்தனைப் போலி, இயங்கு போலி என்று முன்னொட்டுச் சேர்க்கலாம். ஸ்பைக்கு 'ஒற்றுப் போலி' என்று முதலில் எழுதி அழித்தேன்; இலக்கணம் படித்தவர்கள் மெய்யெழுத்தைத் தேடுவார்கள்.

'இயங்கு போலி'யில் எனக்கே திருப்தியில்லை. நினைவகத்திலேயே ஓடும் தரவுத்தளம் போன்றவை ஃபேக் வகை. உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் நேரடிப் பயன்பாட்டுக்கு உதவாது. இந்த இரண்டாவது பாதி அந்தச் சொல்லில் வரவில்லை. மெத்தடுக்கும் தமிழ் எழுதாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். 'போலியிடு' ஏன் கூடாது என்று நினைப்பவர்கள், அதை வைத்து ஒரு முழு வாக்கியம் எழுதி எங்கே இடறுகிறது என்று காட்டினால் உதவியாக இருக்கும்.